இணைப்புச் சொற்களை மனப்பாடம் செய்தும் பத்தி ஏன் ஒட்டவில்லை?

வெளிநாட்டில் படிக்கவும் குடியேறவும் கேட்கப்படும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் எழுத்துப் பகுதிக்குத் தயாராகும் நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: தனித்தனி ஆங்கில வாக்கியங்களைப் பிழையின்றி எழுத முடிகிறது, பயிற்சி மையத்தில் கொடுத்த இணைப்புச் சொற்களின் நீண்ட பட்டியல் மனப்பாடமாகிவிட்டது, அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தி எழுதிய கட்டுரையிலும் 'இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கிறது' என்று திருத்தியவர் குறித்திருக்கிறார், இன்னும் எந்தெந்தச் சொற்களைக் கற்க வேண்டும்? நான் புரிந்துகொண்டவரை, உங்களுக்குச் சொற்கள் போதாமல் போகவில்லை. இரண்டு கருத்துகளுக்கு நடுவே ஒரு சொல் வேண்டுமா, வேண்டுமென்றால் எது, அதை எங்கே வைப்பது என்பதை எப்படி முடிவு செய்வது என்று தெரியாததுதான் சிக்கல். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஆய்வாளர்கள் எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தியும் கிடைத்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். நான் அந்தத் தேர்வின் மதிப்பீட்டாளராக இருந்தவன் இல்லை. ஆகவே மதிப்பெண் பற்றி நான் சொல்வது, தேர்வு நடத்துவோர் பொதுவில் வெளியிட்டிருக்கும் அளவுகோல்களுக்கு உட்பட்டதே.

அந்த அளவுகோல்களில் நான்கு தலைப்புகள் உள்ளன: கேட்டதற்கு விடை தந்திருக்கிறாரா என்பது, ஒழுங்கும் இணைப்பும், சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் திருத்தமும். நான்குக்கும் சம எடை. ஒவ்வொரு தலைப்புக்கும் நிலைவாரியாக விளக்கம் உண்டு, 9ஆம் நிலையே உச்சம். இரண்டாவது தலைப்பின் 6ஆம் நிலை விளக்கத்தில்தான் உங்களுக்குக் கிடைத்த அந்தச் சொல் வருகிறது. இணைப்புக் கருவிகள் ஓரளவு பயன் தந்தாலும், வாக்கியத்துக்குள்ளோ வாக்கியங்களுக்கு இடையிலோ இணைப்பு பிழையாகவோ இயந்திரத்தனமாகவோ இருக்கலாம் என்பது அதன் சாரம். 7ஆம் நிலையில், சுட்டுச் சொற்களும் பதிலாக வரும் சொற்களும் உட்பட பலவகைக் கருவிகள் நெகிழ்வாகப் பயன்பட வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. 9ஆம் நிலையிலோ, இணைப்பு என்று ஒன்று இருப்பதே மிக அரிதாகத்தான் கவனத்துக்கு வர வேண்டும். நிலை உயர உயர அளவுகோல் கேட்பது கூடுதல் சொற்களை இல்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. பட்டியலை அச்சடித்துக் கொடுக்கும் பயிற்சி மையங்கள் இந்த வரிகளையும் சேர்த்து அச்சடித்தால் மாணவர்களுக்குப் பாதி உழைப்பு மிச்சமாகும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தக் குறை ஏன் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம் மொழியில் கருத்துகளை இணைக்கும் வேலையின் பெரும்பகுதியை வினைச்சொல்லின் முடிவே செய்துவிடுகிறது. 'காலையில் எழுந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்' என்னும் வாக்கியத்தில் நான்கு செயல்கள் இருக்கின்றன, முற்றுவினை ஒன்றுதான், தனி இணைப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. மழை பெய்ததால், மழை பெய்தும், மழை பெய்தபோது, மழை பெய்தால் என்று காரணம், முரண், காலம், நிபந்தனை ஆகிய உறவுகள் அனைத்தையும் வினையின் வாலில் வைத்துவிடுகிறோம். ஆங்கிலம் அதே உறவைக் காட்டும் சொல்லைத் தொடரின் தலையில் வைக்கிறது: பிகாஸ் இட் ரெயின்ட், ஆல்தோ இட் ரெயின்ட், வென் இட் ரெயின்ட், இஃப் இட் ரெயின்ஸ். ஆகவே தமிழில் வாக்கியத்தை நடத்திக்கொண்டு போய் வினையை அடையும்போது உறவைத் தீர்மானித்தால் போதும். ஆங்கிலத்திலோ முதல் சொல்லை எழுதும் முன்பே தீர்மானித்தாக வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தைத் தள்ளிப்போடுகிறவர் ஒவ்வொரு கருத்தையும் முற்றுப்புள்ளி வைத்துத் தனி வாக்கியமாக வெட்டிவிடுகிறார். வெட்டிய பின் பத்தி துண்டு துண்டாகத் தெரிவதால், பட்டியலிலிருந்து ஒரு 'மோர்ஓவர்', ஒரு 'ஃபர்தர்மோர்' எடுத்துத் துண்டுகளின் தலையில் ஒட்டுகிறார். தமிழில் அவர் மனத்தில் இருந்த 'ஆல்', 'உம்', 'போது' ஆகிய நுட்பமான உறவுகள் இந்த வழியில் காணாமல் போய்விடுகின்றன. இது நான் திருத்திய எழுத்துகளைப் பார்த்து நானாக வந்தடைந்த விளக்கம். நிறுவப்பட்ட ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரு மொழிகளின் அமைப்பில் உள்ள வேறுபாடு ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

'உம்' பற்றித் தனியாக ஒரு சொல். தொல்காப்பியத்தின் இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள்களைத் தருகிறது: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். இவற்றில் பலவற்றை நாம் நினைத்துப் பார்க்காமலேயே தினமும் புழங்குகிறோம். 'அண்ணனும் தம்பியும்' என்பது எண்ணும்மை. அங்கே ஆங்கிலத்துக்கு 'அண்ட்' போதும். 'தம்பியும் வந்தான்' என்பது எச்சவும்மை. 'ஆல்ஸோ' அல்லது 'டூ' வரும். பள்ளியில் படித்த 'குறவரும் மருளும் குன்று' சிறப்பும்மை. ஆங்கிலத்தில் அது 'ஈவன்'. உம்மை நினைவுக்கு வந்தவுடன் 'ஆல்ஸோ' என்று எழுதுவது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். ஒரு செயலி எவ்வளவு எளிது என்று காட்ட நினைத்து, 'குழந்தைகளும் இதைப் பயன்படுத்தலாம்' என்பதை 'சில்ட்ரன் ஆல்ஸோ கேன் யூஸ் இட்' என்று எழுதினால், பயன்படுத்துவோர் பட்டியலில் குழந்தைகளும் உண்டு என்ற தகவல் மட்டுமே போய்ச் சேரும். 'ஈவன் சில்ட்ரன் கேன் யூஸ் இட்' என்றால்தான் நீங்கள் நினைத்த அழுத்தம் கிடைக்கும்.

இனி, விவாதத்துக்கு இடமில்லாத இலக்கணப் பகுதி. பட்டியல்கள் பெரும்பாலும் சொற்களைப் பொருளின்படி அடுக்குகின்றன: முரணுக்கு 'பட்', 'ஆல்தோ', 'ஹவெவர்', 'டெஸ்பைட்' என்று நான்கையும் ஒரே வரிசையில் போட்டுவிடுகின்றன. பொருளில் அவை நெருக்கமானவைதான். வாக்கியத்தில் அவற்றின் இடம் வேறு. 'பட்', 'அண்ட்', 'ஸோ', 'யெட்' ஆகியவை இரண்டு முழு வாக்கியங்களைச் சமமாக இணைக்க வல்லவை. அவற்றுக்கு முன் காற்புள்ளி வைத்தால் போதும். 'ஆல்தோ', 'பிகாஸ்', 'வைல்', 'அன்லெஸ்' ஆகியவை தமக்குப் பின் வரும் தொடரை மற்றொன்றைச் சார்ந்ததாக ஆக்கிவிடுகின்றன. அந்தத் தொடர் பிறகு தனியே நிற்காது. 'ஹவெவர்', 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்', 'நெவர்தெலெஸ்' ஆகியவற்றுக்குப் பொருள் உறவைக் காட்டத் தெரியுமே தவிர இரண்டு வாக்கியங்களை இலக்கணப்படி பிணைக்கும் வலிமை கிடையாது. ஆகவே அவற்றுக்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வர வேண்டும், பின்னால் காற்புள்ளி வரும். 'டெஸ்பைட்', 'பிகாஸ் ஆஃப்', 'டியூ டு' ஆகியவற்றை அடுத்து முழு வாக்கியம் வராது. பெயர்ச்சொல்லோ பெயர் போல நிற்கும் தொடரோதான் வரும். 'தி பஸ் வாஸ் லேட், ஹவெவர் வீ ரீச்ட் ஆன் டைம்' என்று காற்புள்ளியால் மட்டும் ஒட்டுவது முறையான எழுத்தில் பிழை. அதே இடத்தில் 'பட்' இருந்தால் சரி. 'டெஸ்பைட் இட் வாஸ் ரெயினிங்' பிழை. 'டெஸ்பைட் தி ரெயின்' சரி. 'இன் ஸ்பைட் ஆஃப்' என்பதன் சாயலில் பலர் எழுதும் 'டெஸ்பைட் ஆஃப்' ஆங்கிலத்தில் கிடையாது. நம் 'ஏனென்றால்' முற்றுப்புள்ளிக்குப் பின் புதிய வாக்கியத்தைத் தொடங்கக்கூடியது. அந்தப் பழக்கத்தில் 'ஐ டிட் நாட் கம். பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்.' என்று எழுதினால் இரண்டாவது வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். பேச்சில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அது குறையாகவே படும்.

ஒரே உறவை இரண்டு முறை சொல்வதும் அடிக்கடி காணும் பிழை. 'ஆல்தோ ஹீ வாஸ் டயர்ட், பட் ஹீ வொர்க்ட்' என்பதில் 'ஆல்தோ' அல்லது 'பட்', இரண்டில் ஒன்று போக வேண்டும். 'பிகாஸ்' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'ஸோ' போடுவதும் இதே வகை. 'அன்லெஸ்' இன்னும் ஆபத்தானது. தமிழில் 'கட்டணம் செலுத்தாவிட்டால்' என்று எதிர்மறை வினைக்குள்ளேயே இருப்பதால், 'அன்லெஸ்' எழுதிய பிறகும் ஒரு 'நாட்' சேர்க்கத் தோன்றுகிறது. அப்போது கட்டணம் செலுத்தினால்தான் அனுமதி மறுக்கப்படும் என்று பொருள் தலைகீழாகிவிடும். 'தோ' என்று தொடங்கி 'யெட்' என்று தொடர்வதை மட்டும் இந்தப் பிழைகளோடு சேர்க்க மாட்டேன். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் யோபு நூலில் அந்த இணை வருகிறது. நம் பள்ளி இலக்கணங்களும் அதைத் தலைமுறைகளாகக் கற்பித்துள்ளன. தவறில்லை என்றாலும் இன்றைய காதுக்குப் பழைய வாடை வீசும். தேர்வுக் கட்டுரையில் தவிர்த்துவிடுவது என் பரிந்துரை.

தமிழில் ஒரே விகுதி தாங்கும் வேலையை ஆங்கிலம் இரண்டு சொற்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் இடங்களையும் கவனிக்க வேண்டும். 'மழை பெய்தாலும் வருவேன்', 'மழை பெய்தாலும் வந்தான்' ஆகிய இரண்டிலும் 'ஆலும்' ஒன்றுதான். முதலாவதில் மழை பெய்யுமா என்பது தெரியாது. ஆங்கிலத்துக்கு 'ஈவன் இஃப்' வேண்டும். இரண்டாவதில் மழை பெய்தே விட்டது. அங்கே 'ஈவன் தோ' அல்லது 'ஆல்தோ'. தமிழில் முற்றுவினையின் காலம் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுவதால் நமக்குத் தனிச் சொல் தேவைப்படுவதில்லை. அதே போல 'அப்பா வந்தால் சொல்கிறேன்' என்று சொல்லும்போது அப்பா வருவது உறுதியாகவே இருக்கலாம். ஆங்கிலத்தில் 'இஃப்' என்று எழுதினால் வருவதே ஐயம் என்றாகிவிடும், உறுதியானதற்கு 'வென்'. வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'நாங்கள் பொருளை அனுப்பியதும்' என்னும் பொருளில் 'இஃப் வீ ஷிப் தி குட்ஸ்' என்று எழுதினால், அனுப்புவார்களா மாட்டார்களா என்ற சந்தேகத்தை நாமே கிளப்பிவிட்டவர்களாவோம்.

இதுவரை சொன்னவை பிழை நீக்கும் அளவில் நின்றவை. இணைப்புச் சொல்லின் முழுப் பயன் வேறொரு இடத்தில் இருக்கிறது. அதை நம் பள்ளிப் பயிற்சி மறைத்துவிட்டது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலும் மேல்நிலையிலும் ஒரு வாக்கியத்தை சிம்பிள், காம்ப்ளெக்ஸ், காம்பவுண்ட் என்று மாற்றி எழுதச் சொல்லும் பயிற்சி உண்டு. 'இன் ஸ்பைட் ஆஃப்' வைத்து ஒன்று, 'தோ' வைத்து ஒன்று, 'பட்' வைத்து ஒன்று. மூன்றுக்கும் மதிப்பெண் சமம். இலக்கணப் பயிற்சியாக அது நல்லதே. ஆனால் மூன்றும் ஒன்றுதான் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் படிந்துவிடுகிறது. ஒரு நிறுவனத்துக்கு ஒருவரைப் பரிந்துரைத்து எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அனுபவம் குறைவு, வேகமாகக் கற்பவர். 'ஹீ லேக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ், பட் ஹீ லேர்ன்ஸ் ஃபாஸ்ட்' என்று எழுதினால் வேலை கிடைக்க வாய்ப்புண்டு. 'ஹீ லேர்ன்ஸ் ஃபாஸ்ட், பட் ஹீ லேக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதினால் கடிதம் அவருக்கு எதிராகத் திரும்பிவிடும். இரண்டிலும் உள்ள செய்தி ஒன்றே. 'பட்' தனக்குப் பின் வருவதன் மேல் எடையை வைக்கிறது. 'ஆல்தோ' இதைவிட ஒரு படி மேலே போகிறது: தான் தொடங்கும் தொடரை, 'ஆம், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது பெரிதில்லை' என்று ஒதுக்கிவைத்துவிடுகிறது. 'டெஸ்பைட் ஹிஸ் லேக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதும்போது அனுபவக் குறைவு ஒரு பெயர்த்தொடராகச் சுருங்கி, எல்லாருக்கும் முன்பே தெரிந்த, விவாதிக்க வேண்டாத செய்தி போல ஆகிவிடுகிறது. முற்றுப்புள்ளி வைத்து 'ஹவெவர்' என்று தொடங்கினால் இரண்டு செய்திகளும் தத்தம் முழு உயரத்தில் நிற்கின்றன. வாசகர் நின்று நிதானித்துத் திரும்புகிறார். ஆகவே சொல்லைத் தேர்வதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இவ்விரண்டில் எதை வாசகர் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது. அதற்கு விடை தெரிந்துவிட்டால் இந்த நான்கில் எது என்பது பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

காரணத் தொடரை வைக்கும் இடமும் எடையைச் சார்ந்ததே. தமிழில் காரணம் இயல்பாக முன்னால் வரும். விடுப்பு விண்ணப்பத்தில் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கியே நாம் அனைவரும் பழகினோம். அது நம் தமிழ் வரிசைக்கும் பொருந்தியதால் கேள்வி எழவே இல்லை. அந்த வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் காரணத்தை முன்னால் வைப்பது, அது வாசகருக்குத் தெரிந்ததோ ஊகிக்கக்கூடியதோ ஆக இருக்கும்போது நன்றாக அமைகிறது. காரணமே புதிய செய்தி என்றால் 'பிகாஸ்' தொடரைக் கடைசியில் வைப்பதே இயல்பு. 'ஏன் தாமதம்?' என்று மேலாளர் கேட்டு, நீங்கள் பதில் எழுதினால், தாமதம் அவருக்குத் தெரியும், காரணம் தெரியாது. எனவே காரணம் பின்னால் வரட்டும்.

பட்டியல்களில் அருகருகே வருவதால் குழம்பிப்போகும் சில இணைகளும் உண்டு. நம் 'மாறாக' பல வேலைகளைச் செய்கிறது. 'திட்டம் தோற்கவில்லை; மாறாக, எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது' என்பதில் முன் சொன்ன எண்ணத்தை மறுத்து உண்மையை நிறுத்துகிறோம்; அங்கேதான் 'ஆன் தி கான்ட்ரரி' பொருந்தும். 'அவன் பேருந்தில் போகவில்லை. மாறாக நடந்தே போனான்' என்பதற்கு 'இன்ஸ்டெட்'. சென்னையின் வெயிலையும் ஊட்டியின் குளிரையும் பக்கத்தில் வைத்துக் காட்ட 'பை கான்ட்ராஸ்ட்' அல்லது வெறும் 'வைல்'. சென்னையில் சம்பளம் கூடுதல், ஆனால் வாடகையும் கூடுதல் என்று ஒரே முடிவின் இரு பக்கங்களை எடைபோடும்போது 'ஆன் தி அதர் ஹேண்ட்'. ஊட்டியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'ஆன் தி கான்ட்ரரி' போட்டால், சென்னையில் வெயில் இல்லை என்று யாரோ சொன்னதை மறுப்பது போலாகும். 'மோர்ஓவர்' போடும் முன் ஒரே ஒரு சோதனை போதும்: முன் வாக்கியமும் இந்த வாக்கியமும் ஒரே முடிவுக்குச் சான்றாக நிற்கின்றனவா? இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. 'தேர்ஃபோர்' என்பது முன்னதிலிருந்து பின்னது தர்க்கமாகப் பெறப்படுகிறது என்று உறுதி கூறும் சொல். 'பசித்தது, தேர்ஃபோர் சாப்பிட்டேன்' என்று எழுதினால் வடிவியல் தேற்றத்தை நிறுவுவது போல ஒலிக்கும். அன்றாட நிகழ்ச்சிக்கு 'ஸோ' போதுமானது.

சொல்லே இல்லாமல் இணைப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். 7ஆம் நிலைக்கு மேலே போக விரும்புகிறவர் இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். மொழியியலாளர்களான எம். ஏ. கே. ஹாலிடேவும் ருகாயா ஹசனும் 1976இல் ஆங்கில எழுத்தின் பிணைப்பைப் பற்றி எழுதிய நூலில் ஐந்து வழிகளை வகுத்தார்கள்: சுட்டுதல், பதிலிடுதல் (ஒரு சொல்லுக்குப் பதிலாக வேறொன்றை வைப்பது), விடுபடுதல் (தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது), இணைப்புச் சொல், சொற்களுக்கு இடையிலான உறவு. நீங்கள் மனப்பாடம் செய்த பட்டியல் முழுவதும் இந்த ஐந்தில் ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது. எஞ்சிய நான்கில் எனக்கு மிகவும் பயன்பட்டது, 'திஸ்' என்பதோடு ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்ப்பது. மாநகராட்சி வரியை உயர்த்தியது என்று ஒரு வாக்கியம் முடிந்தால், அடுத்த வாக்கியத்தை 'திஸ் இன்க்ரீஸ்' என்று தொடங்கலாம். 'திஸ் பர்டன்' என்று தொடங்கினால் முந்திய செய்தியைத் திரும்பச் சொல்வதோடு அதைப் பற்றிய உங்கள் கருத்தும் உள்ளே வந்துவிடுகிறது. வெறும் 'திஸ்' என்று விட்டுவிட்டால் எதைச் சுட்டுகிறது என்று வாசகர் தேட வேண்டியிருக்கும். தெரிந்ததைச் சொல்லித் தொடங்கிப் புதியதில் முடிப்பது, அந்தப் புதியதையே அடுத்த வாக்கியத்தின் தொடக்கமாக்குவது என்று நடந்தால், பத்தியில் இணைப்புச் சொற்களின் தேவை கணிசமாகக் குறைந்துவிடும்.

உங்கள் கேள்வியோடு நீங்கள் இட்டிருந்த பத்தியை இப்போது எடுத்துக்கொள்வோம். அதன் கருத்தைத் தமிழில் தருகிறேன்: 'நகரங்களில் வாகனங்கள் பெருகிவிட்டன. மோர்ஓவர், சாலைகள் குறுகலாக உள்ளன. ஹவெவர், பேருந்துகள் போதவில்லை. தேர்ஃபோர், மக்கள் சொந்த வாகனம் வாங்குகிறார்கள்.' நான்கு வாக்கியங்களும் தனித்தனியே குற்றமற்றவை. 'மோர்ஓவர்' எந்த முடிவுக்குக் கூடுதல் சான்று என்று கேட்டால், அந்த முடிவு பத்தியில் எங்கும் சொல்லப்படவில்லை. 'ஹவெவர்' ஒரு திருப்பத்தை அறிவிக்கிறது. ஆனால் சாலை குறுகலாக இருப்பதற்கும் பேருந்து போதாமைக்கும் இடையில் முரண் எதுவும் இல்லை, இரண்டுமே குறைகள். 'தேர்ஃபோர்' மட்டும் சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் அது கொண்டுவரும் முடிவு உண்மையில் முதல் வாக்கியத்துக்கே காரணம். பத்தி வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு கணம் யோசியுங்கள். 'பேருந்துகள் போதாததால் மக்கள் சொந்த வாகனம் வாங்குகிறார்கள். ஏற்கெனவே குறுகலான சாலைகள் அவற்றால் மேலும் நெரிசலாகின்றன' என்றுதானே? உறவுகள் அனைத்தும் அதில் இருக்கின்றன. இப்போது ஆங்கிலம்: 'பிகாஸ் தேர் ஆர் நாட் இனஃப் பஸ்ஸஸ், பீப்பிள் பை தேர் ஓன் வெஹிக்கிள்ஸ், அண்ட் தீஸ் க்ரௌட் ரோட்ஸ் தட் ஆர் ஆல்ரெடி நேரோ.' பட்டியலில் பெருமையாக இடம்பெறாத 'பிகாஸ்', 'அண்ட்', 'தீஸ்', 'தட்' ஆகிய சாதாரணச் சொற்களே முழு வேலையையும் முடித்துவிட்டன. முதல் வாக்கியம் தேவையற்றதாகிவிட்டது என்பதையும் பாருங்கள்.

கருத்து வேறுபாடு உள்ள இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வாக்கியத்தை 'அண்ட்', 'பட்' என்று தொடங்கக் கூடாது என்பது பள்ளி ஆசிரியர்களின் கண்டிப்பு. இலக்கணத்தில் அப்படி ஒரு தடை கிடையாது. மேலே சொன்ன 1611ஆம் ஆண்டு விவிலியத்தின் முதல் அதிகாரத்தில் பெரும்பாலான வசனங்கள் 'அண்ட்' என்றே தொடங்குகின்றன. இன்றைய நல்ல நாளேடுகளிலும் 'பட்' என்று தொடங்கும் வாக்கியங்கள் ஏராளம். ஆனாலும் முறையான கட்டுரையில் அதை அடிக்கடி செய்தால் பேச்சு நடை போலத் தோன்றலாம். யார் படிக்கப்போகிறார் என்பதைப் பொறுத்து முடிவுசெய்யுங்கள். 'சின்ஸ்', 'வைல்' ஆகியவற்றைக் காலப் பொருளில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று சில நடைக் கையேடுகள் வற்புறுத்தியுள்ளன. பொது எழுத்தில் இரண்டும் காரணத்துக்கும் முரணுக்கும் தாராளமாக வருகின்றன. என் கருத்தில், இரண்டு பொருளும் வரக்கூடிய இடத்தில் மட்டும் 'பிகாஸ்' அல்லது 'ஆல்தோ' என்று மாற்றினால் போதும். 'டியூ டு' என்பதை வாக்கியத் தொடக்கத்தில் 'பிகாஸ் ஆஃப்' பொருளில் எழுதுவதை முந்திய தலைமுறை இலக்கணக்காரர்கள் கண்டித்தார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பயிற்சிக்கு நான் மாணவர்களிடம் சொல்லும் முறை இது. நீங்கள் எழுதிய பத்தியிலிருந்து எல்லா இணைப்புச் சொற்களையும் அடித்துவிடுங்கள். ஒவ்வோர் இடைவெளியிலும் முந்திய வாக்கியத்தையும் பிந்திய வாக்கியத்தையும் தமிழில் ஒரே மூச்சில் சொல்லிப்பாருங்கள். வினையின் முடிவில் 'ஆல்', 'உம்', 'போது' என்று ஏதாவது இயல்பாக வந்து விழுந்தால், ஆங்கிலத்திலும் அவை ஒரே வாக்கியமாக வேண்டியவை; 'பிகாஸ்', 'ஆல்தோ', 'வென்' போன்றவை அங்கே பொருந்தும். நிறுத்திவிட்டு 'ஆனால்', 'எனவே' என்று தொடங்கினால்தான் தமிழிலும் சரியாக வருகிறது என்றால், அங்கே 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' ஆகியவற்றுக்கு இடமுண்டு. எதுவும் தோன்றவில்லை என்றால் வெறுமனே விடுங்கள். இந்தச் சோதனை அடுத்தடுத்த வாக்கியங்களுக்கு உதவும். பத்திகளின் வரிசையே தவறாக இருந்தால் இதனாலோ வேறு எந்த இணைப்புச் சொல்லாலோ அதைச் சரிசெய்ய முடியாது. 250 சொற்களை 40 நிமிடத்தில் எழுத வேண்டிய தேர்வறையில் இதையெல்லாம் செய்து பார்க்க நேரம் இராது. அங்கே கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் வாக்கியத் தொடக்கங்களை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'இன் அடிஷன்' என்று நிற்கும் ஒவ்வொன்றையும் விட்டுவிட்டுப் படித்து, பொருள் கெடவில்லை என்றால் அடித்துவிடுங்கள்.